அக்காவின் ரத்தம் எங்கே போய் வந்தது

அக்கா நம்மைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இன்று ஓசூரில் எங்கள் வீட்டுக்கு வந்து, அவர் படத்துக்கு மாலையிட்டு, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் குடும்பத்தின் சார்பில் என் வணக்கம்.

இத்தகைய மலரில் மறைந்தவரின் பிறப்பு, வளர்ப்பு, குணம், கடைசிக் காலம் என்று வரிசையாக எழுதுவது வழக்கம். நானும் எழுதுகிறேன். ஆனால் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதியை ஓர் இயந்திரம் எடுத்துக்கொள்ளப் போகிறது. அதற்கான காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்காவின் கருமாதியன்று பந்தலில் ஒரு பேச்சு நடந்தது. "நல்லா நடமாடிக்கிட்டு இருந்த பொம்பளைய மெஷின்ல போட்டுக் கொன்னுட்டாங்கப்பா" என்றார் நம் உறவில் மூத்த ஒருவர். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அந்தப் பேச்சு காவேரிப்பட்டினம் வரைக்கும் போய், அங்கே இன்னும் கொஞ்சம் வளர்ந்து, எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது. இப்போது என் மகளுக்கு இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுவிட்டன என்றும், டயாலிசிஸ் தொடங்கியாக வேண்டும் என்றும் டாக்டர் சொல்லிவிட்டார். இந்த ஆண்டுதான் கல்லூரியில் சேர்ந்த பெண். அக்காவுக்கு வந்த அதே நோயா என்று கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். அந்தப் பதிலை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

போன வாரம் மகள் என்னிடம் கேட்டாள்: "அப்பா, அத்தை அந்த மெஷினாலதான செத்தாங்க? எல்லாரும் அப்படித்தான சொல்றாங்க? நான் வரலைப்பா."

அவளுக்கு நான் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்தப் பேச்சை அவள் காதில் போட்டவர்களும் படிக்க வேண்டும் என்பதால் அச்சில் எழுதுகிறேன்.

அக்கா, காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில், தென்பெண்ணைக் கரையோரக் கிராமம் ஒன்றில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். அப்பா மாந்தோப்பு குத்தகைக்கு எடுத்துக் காய் விற்றவர். அவருக்குக் கண்பார்வை மங்கல். மண்டியில் காய் எடை போடும்போது தராசு முள்ளைப் பார்க்கும் வேலை அக்காவுடையது. தரகர் ஒருவர் தட்டின் அடியில் புளியை ஒட்டி வைத்திருந்ததை, பாவாடை கட்டிய வயதில் அக்கா கண்டுபிடித்துச் சொன்னதை நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அன்று தொடங்கிய சந்தேகம் அவருக்குக் கடைசிவரை போகவில்லை. கத்தரிக்காயைப் பிட்டுப் பார்க்காமல் வாங்க மாட்டார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த மாமாவிடமே, "கம்பெனியில வேலைன்னு சொல்றீங்களே, அடையாள அட்டை வச்சிருக்கீங்களா?" என்று கேட்டவர் அவர். மாமா சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். அதன் பிறகுதான் காபி வந்தது.

ஓசூரில் ஆலைகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கிய காலம் அது. மாமாவுக்கு ஓர் இரும்பு வார்ப்பு ஆலையில் வேலை. திருநெல்வேலி, மதுரை, கேரளம், கர்நாடகம் என்று எங்கெங்கிருந்தோ வந்த தொழிலாளர்கள் வாடகை அறைகளில் நெருக்கிப் படுத்துக்கொண்டு, சோற்றுக்கு அலைந்தார்கள். அக்கா முதலில் நாலைந்து பேருக்குச் சமைத்துப் போட்டார். பிறகு அது மெஸ் ஆயிற்று. மூன்று ஷிப்டுக்கும் அடுப்பு எரிந்தது. அவருக்குக் குழந்தை இல்லை. சாப்பிட வந்தவர்களைத் திட்டியே வளர்த்தார். தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் திட்டுவார். எவன் எந்த ஊரோ அந்த மொழியில் திட்டு கிடைக்கும். அப்போதுதான் உறைக்கும் என்பார்.

என்னைப் படிக்க வைத்தவரும் அவர்தான். அவர் வீட்டில் தங்கித்தான் டிப்ளமோ முடித்தேன். இன்று ஓர் ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். செய்து வைத்த உதிரிபாகத்தில் குறை இருக்கிறது என்று முதலில் நினைத்துக்கொண்டு, பிறகு அளந்து பார்ப்பதுதான் என் வேலை. அந்தப் புத்தி அக்காவிடமிருந்து வந்தது என்றே நினைக்கிறேன்.

நோய் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. கால் வீங்கியது. நின்றுகொண்டே சமைப்பதால் என்றார். முகம் ஊதியது. தூக்கமில்லை என்றார். சோற்று வாடையே குமட்டுகிறது என்று அவர் சொன்னபோதுதான் நாங்கள் பயந்தோம். ஓசூர் டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, கருவியில் கோளாறு என்று நினைத்து இன்னொரு கருவி கொண்டுவரச் சொன்னார். அதிலும் அதே அளவுதான். பல வருடமாகவே அழுத்தம் ஏறி இருந்திருக்கும், அதுதான் சிறுநீரகத்தை அரித்திருக்க வேண்டும் என்று சொல்லி பெங்களூருக்கு அனுப்பினார். அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்து, டயாலிசிஸ்தான் வழி என்றார்கள்.

அன்று முதல் நம் வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. மெஷினில் ஒரு தடவை போட்டால் கிட்னி சோம்பேறி ஆகிவிடும், அப்புறம் தானாக வேலையே செய்யாது என்றார் ஒருவர். ரத்தத்தை எடுத்து வேறு யாருக்கோ ஏற்றுகிறார்கள் என்றார் இன்னொருவர். பெங்களூர் ஆஸ்பத்திரிக்குள் போனால் நல்ல கிட்னியையும் எடுத்துக்கொண்டுதான் வெளியே விடுவார்கள் என்று, பார்க்க வந்தவர்களில் சிலர் வாசலோடு நின்றார்கள். எனக்கும் சந்தேகம் இல்லாமல் இல்லை. வாரத்தில் இரண்டு முறை வரச் சொல்கிறார்கள், எத்தனை வாரம் என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். எந்த வேலைக்கும் முடிவு என்று ஒன்று இருக்க வேண்டாமா?

எல்லோரையும்விட அதிகம் சந்தேகப்பட்டவர் அக்கா.

முதல் தடவை அவரைப் படுக்க வைத்தபோது, கையில் ஓடும் குழாயைப் பார்த்தபடியே இருந்தார். சிவப்பாக ஒரு குழாயில் போகிறது, சிவப்பாக இன்னொரு குழாயில் வருகிறது. பக்கத்தில் ஒரு நீளக் கண்ணாடிக் குப்பி மாதிரி ஒன்று. அதற்குக் கீழே இன்னொரு குழாய், சுவரோரச் சாக்கடைக்கு. "அதுல என்னடா போகுது?" என்று என்னைக் கேட்டார். தெரியவில்லை என்றேன். "டிப்ளமோ படிச்சியே" என்றார்.

அடுத்த முறை போகும்போது ஒரு துணிப்பை கொண்டுவந்தார். பேருந்தில் மடியை விட்டு இறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பார்கள். எடை மேடைக்கு அருகே போனதும் அக்கா பையிலிருந்து ஐந்து கிலோ எடைக்கல்லை எடுத்தார். மெஸ்ஸில் அரிசி நிறுக்கும் கல்.

நர்ஸ் அம்மா திகைத்துப் போனார். கன்னடக்காரர். நம்மோடு பேசிப் பேசித் தமிழும் கலந்து பேசுவார். "ஏனம்மா இது? ஆஸ்பத்திரிக்கு கல்லு எதுக்கு?"

"உங்க தராசு சரியா இருக்குதான்னு பாக்கறன். தப்பா நெனச்சிக்காதம்மா. எங்க அரிசிக்காரன்கூட சிரிச்சிக்கிட்டேதான் கம்மியா நிறுப்பான்."

"நான் சிரிக்கவே இல்லையே."

"அதனாலதான் கல்லோட நிறுத்தினன். சிரிச்சிருந்தா ஊருக்கே திரும்பிப் போயிருப்பன்."

கல்லை மேடையில் வைத்தார். முள் சரியாக ஐந்தில் நின்றது. அக்கா குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "சரி, இப்ப என்னை நிறு" என்று ஏறி நின்றார். டயாலிசிஸ் முடிந்து திரும்ப நிறுத்தபோது எடை நன்றாகவே குறைந்திருந்தது. அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. "இவ்வளவும் என் ரத்தமா?"

"ரத்தம் இல்லம்மா, நீரு" என்றார் நர்ஸ் அம்மா. "நீங்க குடிச்ச தண்ணி. வெளிய போக வழி இல்லாம கால்லயும் முகத்துலயும் நின்ன தண்ணி. காலைப் பாருங்க." காலில் வீக்கம் வடிந்திருந்தது. அக்கா தன் காலையே விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டார்.

திரும்பி வரும் பேருந்தில்தான் எனக்குச் சட்டென்று விளங்கியது. எங்கள் ஆலையில் கடைசல் இயந்திரத்தில் இரும்பைச் சீவும்போது மேலே குளிர்விக்கும் எண்ணெய்நீர் ஓடிக்கொண்டே இருக்கும். அது தூளையும் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு கீழே வந்து, வடிகட்டி வழியாகச் சுத்தமாகி, மறுபடி மேலே ஏறும். அதே எண்ணெய்தான் நாள் முழுக்கச் சுற்றும். அந்தக் கண்ணாடிக் குப்பியும் ஒரு வடிகட்டிதான். உள்ளே மயிரிழை போன்ற நுண்ணிய குழல்கள். குழலுக்குள் ரத்தம் ஓடும், வெளியே மருந்துநீர் ஓடும். ரத்தத்தில் சேர்ந்த கழிவும் மிகையான தண்ணீரும் குழலின் சுவர் வழியாக மருந்துநீருக்குப் போய்விடும். ரத்தம் உடம்புக்கே திரும்பிவிடும். எந்த நேரத்திலும் உடம்புக்கு வெளியே இருப்பது ஒரு டம்ளர் ரத்தம்தான். இதை அக்காவிடம் சொன்னேன்.

"அப்ப ரத்தம் எங்கேயும் போகலை. போயிட்டு வருது."

"ஆமாம்."

"சரி. அப்புறம் எதுக்கு திரும்பத் திரும்பக் கூப்பிடறாங்க? ஒருதரம் சுத்தமாச்சுன்னா விட வேண்டியதுதான?"

அடுத்த தடவை அக்கா அதே கேள்வியை நர்ஸ் அம்மாவிடம் கேட்டார். அவர் ஊசியைச் சரிசெய்துகொண்டே, "உங்க மெஸ்ல நேத்து பாத்திரம் கழுவினீங்களா?" என்றார்.

"கழுவினன்."

"அப்ப இன்னிக்கு எதுக்குக் கழுவணும்?"

அக்கா என்னைப் பார்த்து, "இந்தப் பொண்ணு நல்லா திட்டுதுடா" என்றார். அவர் அந்த ஆஸ்பத்திரியை நம்பத் தொடங்கியது அன்றுதான் என்பது என் கணிப்பு.

எனக்கு அவ்வளவு சீக்கிரம் நம்பிக்கை வரவில்லை. அந்த வடிகட்டியை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுவதில்லை, கழுவி வைத்து அதே நோயாளிக்குத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்தபோது எனக்குத் திக்கென்றது. கேட்டேன். எல்லா இடத்திலும் அப்படித்தான், மருந்து போட்டுக் கழுவிப் பெயர் ஒட்டித்தான் வைக்கிறோம் என்றார்கள். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரை நானே படித்துப் பார்த்த பிறகுதான் குழாயை இணைக்க விட்டேன். அவர்கள் முகம் சுளிக்கவில்லை. நீங்களும் படியுங்கள், நல்லதுதான் என்றார்கள். அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

இப்படியே ஒன்றரை ஆண்டுக்கு மேல் போயிற்று. அக்கா பழையபடி மெஸ்ஸுக்கு வந்து உட்கார்ந்தார். சமைக்கவில்லை, மேற்பார்வை பார்த்தார். கையில் ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்கள் இரண்டை இணைத்துச் செய்திருந்த சிறிய அறுவைச் சிகிச்சையால், அந்த இடத்தில் தொட்டால் ஓர் அதிர்வு தெரியும். சாப்பிட வருபவர்களிடம் கையை நீட்டி, "தொட்டுப் பாருடா, மோட்டார் ஓடுது, கரண்டே வேணாம்" என்பார். உப்பு குறைக்கச் சொல்லியிருந்தார்கள். ஒருநாள் ஓர் இளைஞர் தட்டை வைத்துவிட்டு, "அக்கா, சாம்பார்ல உப்பே இல்ல. உங்க பத்தியம் எங்களுக்கும் ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டார்.

"தின்னுடா. எனக்குப் பிரஷர் இருக்குதுன்னு எவனும் சொல்லலை. உனக்கு மட்டும் வந்து சொல்லப் போறாங்களா?"

அவருக்குக் கஷ்டமாக இருந்தது உப்பு அல்ல, தாகம்தான். சிறுநீர் வரவரக் குறைந்தது. அதனால் ஒருநாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு. வாயில் ஒரு சின்னப் பனிக்கட்டியை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். சிறுநீர் குறைந்ததைப் பார்த்து, "பாத்தீங்களா, நாங்க அன்னிக்கே சொன்னோம், மெஷின் கிட்னியை சோம்பேறி ஆக்கிடுச்சு" என்று நம்மவர்கள் சொன்னார்கள். நான் டாக்டரிடம் கேட்டேன். நோய்தான் மிச்சமிருந்த சிறுநீரகத்தையும் தின்கிறது, மெஷின் இல்லாதிருந்தால், சிறுநீர் குறைவதைப் பார்க்க அவரே இருந்திருக்க மாட்டார் என்றார். டாக்டர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று அப்போது நினைத்தேன். அவர் சொன்னதைத் தவறு என்று காட்ட எனக்கு இதுவரை எதுவும் கிடைக்கவில்லை.

உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்பது நம் வழக்கம். காவேரிப்பட்டினத்துப் பக்கமிருந்து வந்தவர்கள் எல்லாம் இளநீர் கொண்டுவந்தார்கள். மாம்பழக் காலத்தில் கூடை கூடையாக வந்தது. டாக்டர் இரண்டையும் தொடக் கூடாது என்றிருந்தார். அவற்றில் பொட்டாசியம் என்று ஓர் உப்புச் சத்து இருக்கிறது. நல்ல சிறுநீரகம் வேண்டிய அளவை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். கெட்டுப்போனால் தள்ள முடியாது. ரத்தத்தில் அது ஏறினால் முன்னறிவிப்பே இல்லாமல் இதயம் நின்றுவிடும். வருபவர்களின் பையை அக்கா வாசலிலேயே வாங்கிப் பார்ப்பார். "எனக்குக் கொண்டாந்தியா, எமனுக்குக் கொண்டாந்தியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டு, அப்படியே மெஸ் பையன்களுக்குக் கொடுத்துவிடுவார். சிலருக்கு அது மனத்தாங்கல். அவர்களிடம் இன்று அவர் சார்பில் மன்னிப்புக் கேட்கிறேன்.

இனி எழுதப் போவதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

சென்ற ஆண்டு ஆற்றுநீர்ப் பிரச்சினையில் பெங்களூரில் கலவரம் வந்தது உங்களுக்குத் தெரியும். பேருந்துகள் மாநில எல்லையில் ஜூஜுவாடி சோதனைச் சாவடியோடு நின்றன. அந்தப் பக்கமிருந்து மூட்டை முடிச்சோடு நம் ஆட்கள் நடந்தே வந்தார்கள். அக்காவுக்கு அந்த வாரம் போக வேண்டிய டயாலிசிஸ் தவறியது. தொலைபேசியில் ஆஸ்பத்திரியைப் பிடித்தோம். எப்படியாவது வாருங்கள், முடியாவிட்டால் வேலூருக்காவது கொண்டுபோங்கள், தண்ணீரைக் குறையுங்கள் என்றார்கள். நான் இடம் கேட்க வேலூருக்குப் போனேன். அங்கே ஒருநாள் முழுக்கக் காத்திருந்து, மறுநாளுக்கு இடம் வாங்கிக்கொண்டு திரும்பினேன். நான் இல்லாதபோது நடந்த இரண்டு விஷயங்களை மாமாவும் மெஸ்ஸில் இருந்தவர்களும் சொல்லித்தான் அறிந்தேன்.

ஒன்று. அக்கா மெஸ்ஸில் பல வருடமாகச் சாப்பிட்ட ஆனேக்கல்காரர் ஒருவர், கன்னடக்காரர், வீட்டுக்கு வந்திருக்கிறார். எங்கள் ஊர் வழியாக உள்சாலை இருக்கிறது, என் மாமன் வேன் வைத்திருக்கிறார், நானே கூட உட்கார்ந்து ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் விடுகிறேன் என்று கேட்டிருக்கிறார். வீட்டில் கூடியிருந்த பெரியவர்கள் மறுத்துவிட்டார்கள்.

"இந்த நேரத்துல ஒரு கன்னடக்காரனை நம்பி பொம்பளைய அனுப்பறதா? நல்லா இருக்குதே கதை."

அக்கா படுத்த இடத்திலிருந்து, "அவன் என் சோத்தைத் தின்னவன். நான் போறன்" என்றிருக்கிறார்.

"நீ சும்மா இரும்மா. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாங்க பதில் சொல்லணும்."

ஆனேக்கல்காரர் செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனாராம். மறுநாள் காலையும் வந்து கேட்டிருக்கிறார். அன்றும் அதே பதில்.

இரண்டாவது. மெஷின் இல்லாத நாளைக்கு இதாவது கொடுப்போம் என்று, வாழைத்தண்டைச் சீவி அரைத்துச் சாறு பிழிந்து அக்காவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கிட்னிக்கு வாழைத்தண்டைவிட மருந்து ஏது என்று நம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உறவில் ஒருவருக்குச் சிறுநீரகக் கல் கரைந்தது உண்மைதான். ஆனால் கல் வேறு, செயலிழப்பு வேறு. கல் உள்ளவரின் சிறுநீரகம் வேலை செய்கிறது. அக்காவுடையது செய்யவில்லை. வாழைத்தண்டிலும் அதே பொட்டாசியம் நிறைய உண்டு. இளநீரையும் பழத்தையும் தடுத்த டாக்டர் வாழைத்தண்டைப் பற்றித் தனியாக எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. அக்கா கேட்டிருக்கிறார்: "இது ஆகுமா? டாக்டர் ஒண்ணும் சொல்லலையே?"

"பச்சைக் காய்மா. குழம்பு வச்சுத் தின்னறதுதான. உனக்குச் செய்யாம நாங்க வேற யாருக்குச் செய்யறது?"

தாகமும் இருந்திருக்கும். குடித்தார். காலையிலும் மாலையிலும் குடித்தார்.

அரைத்தவர் யார், பிழிந்தவர் யார் என்று எழுதப் போவதில்லை. அன்பினால்தான் செய்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் கருமாதி முடிந்து பல மாதங்கள், நம் வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரையும் நான் சந்தேகத்தோடுதான் பார்த்தேன். இதைச் சொல்லாமல் இந்த மலரை உங்கள் கையில் கொடுப்பது எனக்குப் பொய்யாகப் படுகிறது. வேற்று மொழிக்காரர் என்பதால் உதவ வந்த ஒரு மனிதரைச் சந்தேகப்பட்டார்கள். வீட்டு அம்மியில் அரைத்தது என்பதால் அந்தச் சாற்றை யாரும் சந்தேகப்படவில்லை.

நான் வேலூரிலிருந்து திரும்பியபோது மாலை. கால் இரண்டும் மரம் மாதிரி இருக்கிறது, தூக்க முடியவில்லை என்றார் அக்கா. காலையில் வண்டி வரும் என்றேன். "கல்லை எடுத்து வை. வேலூர் தராசு எப்படியோ" என்றார். விடிந்ததும் முகம் கழுவ எழுந்து உட்கார்ந்தவர், மாமாவின் தோளில் அப்படியே சாய்ந்தார். வண்டி வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தது.

ஆகவே, அக்கா இறந்தபோது அவரருகே எந்த மெஷினும் இல்லை. மெஷினிலிருந்து விலகியிருந்த நாட்களில், சொந்த வீட்டில், சொந்தக் கட்டிலில்தான் இறந்தார். இது ஒன்றை மட்டும் இந்தக் கட்டுரையிலிருந்து எடுத்துக்கொண்டால் எனக்குப் போதும்.

சாலை திறந்த பிறகு டாக்டரைப் பார்க்கப் போனேன். எது காரணம் என்று நேராகக் கேட்டேன். டயாலிசிஸ் தவறியதே ஆபத்து, அதன் மேல் சாறும் சேர்ந்தது, இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது என்றார். என் வேலையில் அப்படி ஒரு பதிலை எழுதினால் மேலாளர் ஏற்க மாட்டார். வாழைத்தண்டைப் பற்றி ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றேன். அவர் ஒரு தாளில் அதைக் குறித்துக்கொண்டு, "இனிமே சொல்றேன்" என்றார். இப்போது என் மகளுக்குக் கொடுத்திருக்கும் உணவு அறிவுரையில் அது முதலிலேயே இருக்கிறது. அவரை முழுக்க நம்புகிறேனா என்று கேட்டால், இல்லை. வடிகட்டியில் ஒட்டிய பெயரை இனியும் படித்துப் பார்ப்பேன். எடையைப் பார்ப்பேன். கேட்டுக்கொண்டே இருப்பேன். ஆனால் போகாமல் இருக்க மாட்டேன்.

அக்காவின் கஷ்டகாலத்தில் துணை நின்றவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ரத்தம் குறைந்தபோதெல்லாம் ஷிப்டு முடித்த கையோடு பெங்களூருக்கு வந்து ரத்தம் கொடுத்த மெஸ் தொழிலாளர்களுக்கும், இருக்கை காலியில்லாத பேருந்திலும் அக்காவுக்கு இடம் பிடித்துக் கொடுத்த நடத்துநர்களுக்கும், திட்டத் தெரிந்த அந்த நர்ஸ் அம்மாவுக்கும், கடைசிவரை ஒருமுறைகூட முகம் சுளிக்காமல் பனிக்கட்டி உடைத்துக் கொடுத்த மாமாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஆனேக்கல்காரரின் வீட்டுக்கு மாமாவும் நானும் நேரில் போய் இந்த விழாவுக்கு அழைத்தோம். அவர் இன்று பந்தியில் உங்களோடு உட்கார்ந்திருப்பார். அவரோடு பேசுங்கள்.

இவ்வளவையும் எழுதி, அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் என் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். உட்கார்ந்து நிதானமாகப் படித்தாள். நடுவில் சில பக்கங்களைத் திரும்பவும் படித்தாள்.

"அப்பா, இதைப் படிச்சா நம்ம சொந்தக்காரங்க கோவிச்சுக்குவாங்க."

"கோவிச்சுக்கட்டும்."

"கல்யாணம் காட்சிக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க."

"வர வேணாம்."

தாள்களை அடுக்கி என்னிடம் நீட்டினாள். அவள் முகம் அன்று காலையைவிட ஊதியிருந்தது. "வியாழக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்டாள்.

வியாழக்கிழமை காலையில் பெங்களூருக்குக் கிளம்புகிறோம். அதற்குள் உங்களில் யாருக்கு என்ன சந்தேகம் இருந்தாலும் தயவுசெய்து என்னிடம் கேளுங்கள். எனக்குத் தெரியாவிட்டால் டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன். அவளிடம் மட்டும் கேட்காதீர்கள்.